வேலை போக மீதி உடம்பு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

வேலையையும் உடம்பையும் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லிப் போன மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஜவுளிக்கடை வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. "எனக்குத் தெம்பு பத்தவில்லை", "மற்றவர்கள் செய்கிறார்கள், என்னால்தான் முடியவில்லை". வேலையைக் குறை சொல்லித் தொடங்கியவர் ஒருவர்கூட இல்லை. அம்பத்தூர் பக்கம் தொழிற்சாலை மருத்துவராக 22 வருடம் இருந்தவள் நான். அங்கே கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்களெல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன: வேலை செய்யும் திறனில் பாதிதான் உங்கள் உடம்பில் இருக்கிறது, மீதிப் பாதி அந்த வேலையை அமைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிய நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

கேள்வி: எனக்கு 34 வயது. ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். காலை 10 மணிக்கு அலுவலகம் போனால் 7 மணிக்குக் கிளம்புவேன். இரவு 9 மணிக்கு அமெரிக்க கிளையண்ட் கால் தொடங்கினால் முடிய 12 ஆகும். அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் பி.பி. 152/98 என்றார்கள். சிகரெட், குடி எதுவும் கிடையாது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த வேலைக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது. என் அப்பா கோவையில் மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் ஏன் இப்படி? (பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்)

தம்பி, முதலில் ஒரு கணக்குப் போடுவோம். காலை 10 முதல் மாலை 7 வரை 9 மணி நேரம், இரவில் 3 மணி நேரம், ஆக 12. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 11. வாரத்துக்கு 5 நாள் என்றால் 55 மணி நேரம். சனிக்கிழமை மெயில் பார்ப்பதை நான் சேர்க்கவே இல்லை.

இந்த 55 என்ற எண்ணை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம் என்று அதில் கண்டார்கள். 2016-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இப்படி நீண்ட நேர வேலையோடு தொடர்புள்ள பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்ததாக அவர்கள் கணக்கு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, உங்கள் உடம்பு சோம்பேறியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது தப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், நல்ல தூக்கத்தில் ஒருவரின் ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிடப் பத்திலிருந்து இருபது சதவீதம் இறங்கும், இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் ஒரு நாளில் கிடைக்கிற ஓய்வே அதுதான். இரவு 12 மணிக்குக் கால் முடிந்தாலும் மூளை உடனே அணைவதில்லை, கிளையண்ட் கேட்ட கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாமோ என்று ஓடிக்கொண்டே இருக்கும், தூங்க 1:30 ஆகும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப 6:30-க்கு எழுந்தாக வேண்டும். ஓய்வு நேரம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுவிட்டது. அதற்குமேல், ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஓடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுரந்தால் பி.பி.யும் சர்க்கரையும் ஏறத்தான் செய்யும்.

அப்பாவோடு ஒப்பிடாதீர்கள். அவர் வேலை கடினம்தான், பஞ்சுத் தூசியிலும் இரைச்சலிலும் நின்றவர். ஆனால் மில் சங்கு ஊதியதும் வேலை மில்லிலேயே நின்றுவிட்டது, தறியோ ஸ்பிண்டிலோ அவரோடு வீட்டுக்கு வரவில்லை. உங்கள் வேலை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. என் அண்ணன் மகனையும் பார்க்கிறேனே, ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு, வலது கை எச்சில் கையாகக் காய்ந்துபோக, இடது கையால் மவுஸைத் தள்ளி மியூட்டை எடுத்து இரண்டு வார்த்தை பேசி மறுபடி மியூட்டில் போட்டு, அதற்குள் சாதம் பாறையாகிவிடும். நாலு வயதுக் குழந்தை, அப்பா வாயைத் திறந்தாலே "உஷ், கால்" என்று அதுவாகவே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது.

முன்போல வேலை ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை அளக்கவே ஓர் எளிய வழி இருக்கிறது. பின்லாந்தில் 1981-ல் நகராட்சி ஊழியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள், யுஹானி இல்மாரினென் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் வேலைத்திறன் குறியீடு என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதன் முதல் கேள்வி இதுதான்: உங்கள் வேலைத்திறன் வாழ்க்கையிலேயே உச்சத்தில் இருந்த காலத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இன்றைக்கு எத்தனை போடுவீர்கள்? ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். இல்மாரினென் இதை ஒரு நாலடுக்கு வீடாகவும் விளக்குவார். அடியில் உடல்நலம், அதற்கு மேல் தொழில் அறிவு, அதற்கு மேல் மனமும் ஈடுபாடும், உச்சியில் வேலை. உச்சித் தளத்தில் பாரம் ஏற ஏறக் கீழே உள்ள மூன்று தளங்களிலும் விரிசல் விழும். விரிசல் அடித்தளத்தில் தெரிவதால் அடித்தளம்தான் மோசம் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் கடிதத்தில் நடந்திருப்பதும் அதுதான்.

சரி, என்ன செய்வது? ஒரு பி.பி. மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் சுற்றுவதாக வாங்குங்கள். ஏழு நாள் காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு, இரண்டிரண்டு முறை பாருங்கள். சனி, ஞாயிறு எண்களைத் தனியாக வட்டமிடுங்கள். சிலருக்கு வேலை நாளில் மட்டும் ஏறியிருக்கும், அது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். வீட்டில் பார்க்கும் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அவர் மாத்திரை எழுதினால் 34 வயதில் மாத்திரையா என்று கூச்சப்படாமல் போடுங்கள்.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு இரவுக் காலுக்கும் எதிரே, அதில் உங்களிடம் நேரடியாக எத்தனை கேள்வி வந்தது என்று குறித்து வையுங்கள். பெரும்பாலான டீம்களில் பத்துக் காலில் ஆறேழு காலில் டீம் லீட் சும்மா கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். "எனக்கு மன அழுத்தம்" என்று பேச்சைத் தொடங்கினால் அவர் மனநல வகுப்புக்கு அனுப்பி வைப்பார். "வாரம் இரண்டு நாள் நான் வருகிறேன், மற்ற நாட்களை டீமில் மூன்று பேர் சுற்றில் எடுக்கட்டும், கால் இருந்த மறுநாள் 12 மணிக்கு வருகிறேன்" என்று வேலையின் கணக்காகவே பேசுங்கள். பிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் அது தனிநபர் மசோதாவாக வந்ததோடு சரி. அதனால் இப்போதைக்கு அந்தக் கதவை நீங்களேதான் தட்ட வேண்டியிருக்கிறது, தனியாகத் தட்டாமல் டீமாகச் சேர்ந்து தட்டுங்கள்.

கேள்வி: பர்ன் அவுட் என்பது ஒரு நோயா? விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் தருவார்களா? (ஆசிரியை, விழுப்புரம்)

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை ஒரு நோயாகச் சேர்க்காமல், வேலையால் வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளங்கள் சொன்னார்கள்: எண்ணெய் வற்றிய விளக்கு மாதிரி தெம்பு தீர்ந்துபோதல், வேலையின் மேல் வெறுப்போ ஒட்டாத மனமோ வருதல், செய்யும் வேலையில் திறமை குறைந்துவிட்டதாகத் தெரிதல். மூன்றும் வேலையைச் சுற்றி மட்டும் இருந்தால் அது பர்ன் அவுட். வேலை இல்லாத நாளிலும், பிடித்த பாட்டிலும், பெற்ற பிள்ளையிடத்திலும்கூட ஒட்டுதல் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, சான்றிதழும் தருவார்கள். எது என்று நீங்களே முடிவு கட்டாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 45 வயது. பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் பிரிவில் இருக்கிறார். காலை 9:30 முதல் இரவு 9:30 வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. கேட்டால் "எல்லாரும் நிக்கிறாங்க, எனக்கு மட்டும் என்ன" என்கிறார். (கல்லூரி மாணவி, மதுரை)

அம்மாவுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு கண்ணு.

நீர்க்கடுப்பு ஏன் வந்தது என்று அவரிடம் மெதுவாகக் கேட்டுப்பார். நான் பார்த்த கடைப் பெண்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: பாத்ரூம் நாலாவது மாடியில், போய் வர பத்து நிமிடம், சூப்பர்வைசர் கேள்வி கேட்பார், அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால் கிருமி தங்கத்தான் செய்யும். காலைப் பொறுத்தவரை, நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும், அசையாமல் நின்றால் அந்தப் பம்பு வேலை செய்யாது, ரத்தம் தேங்கி, நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக்குழாய் புடைக்கும். இது வெறும் வயதால் வந்தது இல்லை, நிற்பதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

இனி முக்கியமான விஷயம். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று. கேரளத்தில் இதே உரிமை 2018-லேயே வந்துவிட்டது. அது யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்தது கிடையாது, கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களும், தையல் வேலை செய்த விஜி என்பவரும் கழிப்பறைக்காகவும் உட்கார்வதற்காகவும் வருடக்கணக்கில் போராடி வாங்கியது. இருக்கை இருந்தும் உட்கார விடவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அம்மா ஒருவர் மட்டும் பெயர் போட்டுக் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பது எனக்குத் தெரியும், அதனால் நான்கைந்து பேராகச் சேர்ந்து முதலில் கடைக்குள்ளேயே கேட்கச் சொல், கூட்டம் இல்லாத மதியம் 2 மணி முதல் 4 மணி வரை முறை வைத்து உட்கார்கிறோம் என்று. அதிலிருந்து தொடங்கினால் பெரும்பாலான முதலாளிகள் மறுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் சாய்த்து, இதயத்துக்கு மேலே தூக்கி, 15 நிமிடம் படுக்கச் சொல். நரம்பு புடைப்புக்குப் போடும் இறுக்கமான காலுறை மருந்துக்கடையில் கிடைக்கும், மருத்துவரிடம் காட்டி அளவு பார்த்து வாங்குங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போ, தள்ளிப் போடாதே. அந்த 15 நிமிடமும் அவர் அடுப்படிக்குப் போகாமல் இருக்க நீயோ உன் அண்ணனோ இட்லிச் சட்டியை ஏற்றி வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவருக்கு வீட்டில் இரண்டாவது ஷிஃப்ட் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு முறை யோகா வகுப்பு வைக்கிறார்கள். அது ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்குமா? (ஸ்ரீபெரும்புதூர்)

யோகா நல்லது. மாதம் ஒரு நாள் செய்வதில் பெரிய பலன் இருக்காது, தினம் செய்தால் தூக்கத்துக்கும் முதுகுக்கும் உதவும். ஆனால் ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்பும் நேரத்தில் கட்டாயமாக உட்கார வைத்தால் அதுவே இன்னொரு வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். ஆர்டர் நேரத்தில் ராத்திரி 11 வரை ஓட்டினால்தான் ஷிப்மெண்ட் போகும். ஆட்களுக்கு அலுப்புதான், எனக்கும் தெரிகிறது. நேரத்தைக் குறைத்தால் நான் எப்படிப் பிழைப்பது? (உரிமையாளர்)

நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், நேர்மையாகவே சொல்கிறேன். இந்தக் கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே ஓர் அரசாங்கம் கேட்டது. முதல் உலகப்போரில் பிரிட்டன் குண்டுகள் செய்யும் தொழிற்சாலைகளை ஞாயிற்றுக்கிழமைகூட மூடாமல் ஓட்டியது. பெண்களும் ஏராளமாக வேலை செய்தார்கள். 1915-ல் இவர்களின் உடல்நலத்தை ஆராய ஒரு குழு போட்டு, எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை உருப்படி வருகிறது என்று வாரா வாரம் எண்ணினார்கள். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் உற்பத்தி அதே அளவில் கூடவில்லை என்று அப்போதே தெரிந்தது. அந்தப் பழைய கணக்குகளை ஜான் பென்கவல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் எடுத்து 2014-ல் மறுபடி அலசினார். வாரம் ஏறக்குறைய 49 மணி நேரம் வரைக்கும் நேரத்துக்கு ஏற்ற உற்பத்தி வருகிறது, அதற்கு மேல் உற்பத்தி கூடும் வேகம் சரிய ஆரம்பிக்கிறது, 70 மணி நேரம் ஓட்டினாலும் 56 மணி நேரத்தில் வந்ததற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பதினான்கு மணி நேரத்துக்குக் கரண்டு பில், டீ, ஓவர்டைம் எல்லாம் கொடுத்து உங்களுக்குக் கிடைப்பது அலுத்த கைகள் மட்டும்தான்.

உங்கள் யூனிட்டிலேயே பாருங்களேன். ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டியது), ரிஜெக்ட் எண்ணிக்கையை மணிக்கணக்கில் பிரித்து ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி 9 மணிக்கு மேல் தைத்த பீஸில் எத்தனை திரும்பி வருகிறது, மறுநாள் காலையில் அதைப் பிரித்துத் தைக்க எத்தனை பேர் உட்காருகிறார்கள், ஊசி விரலில் ஏறியது எத்தனை மணிக்கு? இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 11 மணி வரை ஓட்ட வேண்டுமா என்று உங்களுக்கே தெரியும். ஆர்டர் நெருக்கத்துக்குப் பாதிக் காரணம் பெரும்பாலும் துணி தாமதமாக வந்தது, டிசைன் கடைசி நேரத்தில் மாறியது இவைதான், அதற்கான விலையைத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கழுத்தும் தோளும் கொடுக்கக் கூடாது. வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம், அது உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2023 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எல்லாப் பக்கமும் எதிர்ப்புக் கிளம்பித் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. மேலே சொன்ன பின்லாந்து ஆய்வில் அதே ஊழியர்களை 11 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வயது ஏறியும் சிலருக்கு வேலைத்திறன் கூடியிருந்தது. எதனால் என்று தேடியபோது முன்னால் வந்த காரணங்களில் ஒன்று மேற்பார்வையாளர் அவர்களை நடத்திய விதம் நன்றாக மாறியது. திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்யும் வேலை குறைந்ததும், ஓய்வு நேரத்தில் நன்றாக உடற்பயிற்சி செய்ததும் மற்றவை. உங்கள் லைன் சூப்பர்வைசர் யாரையாவது மைக்கில் பெயர் சொல்லித் திட்டுகிறாரா என்று ஒரு நாள் பின்னால் நின்று கேளுங்கள். காலர் தைப்பவரையும் ஸ்லீவ் தைப்பவரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற முடியுமா என்று பாருங்கள். 60 பேரை வைத்திருப்பதால் குழந்தைகள் காப்பக வசதியும் நீங்கள் தர வேண்டும், 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2017-லிருந்தே அது சட்டம். குழந்தை எங்கே இருக்கிறதோ என்ற பதைப்பு இல்லாத தாயின் கை வேகமாக ஓடும், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ், வயது 27. தனியார் மருத்துவமனையில் இரவு 8 முதல் காலை 8 வரை தொடர்ந்து 7 நாள் நைட். மாதவிடாய் தள்ளிப் போகிறது, பகலில் 4 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை. போன வாரம் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது சிக்னலில் கண் அசந்துவிட்டது. (கோவை)

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது, அதிலிருந்தே தொடங்குகிறேன். மதியம் 12 மணிக்கு எழுந்து மறுநாள் காலை 8 மணிக்கு வண்டியை எடுக்கும்போது நீங்கள் 20 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் 1997-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறனும் கவனமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையே 0.03தான். அம்மா, நைட் முடிந்த காலையில் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், ஷேர் ஆட்டோவில் வாருங்கள், முடியாவிட்டால் டூட்டி அறையில் 20 நிமிடம் தூங்கிவிட்டு, முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்த பிறகு கிளம்புங்கள்.

மாதவிடாய் தள்ளிப் போவது நைட் பார்க்கும் பெண்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான், ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் தைராய்டும் ரத்த அளவும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், எல்லாவற்றையும் ஷிஃப்ட் மேல் போட்டு வேறு காரணத்தைத் தவறவிடக் கூடாது. பகல் தூக்கம் குறைவதற்கு உங்கள் மேல் தப்பில்லை. உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது, வெயிலில் வந்து படுத்தால் "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்றுதான் அது சொல்லும். வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், ஜன்னலுக்குத் தடித்த துணி, போனை அடுத்த அறையில் வையுங்கள், டீ காபியை ராத்திரி 2 மணியோடு நிறுத்துங்கள். வீட்டில் மாமியாரோ அம்மாவோ 10 மணிக்குக் கதவைத் தட்டி "குழம்புக்குப் புளி எங்கே" என்று கேட்காமல் இருப்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்த்திதான், அவர்களிடம் நேரடியாகச் சொல்லுங்கள், உங்களுக்கு அது ராத்திரி 2 மணி மாதிரி என்று.

தொடர்ந்து 7 நைட் என்பது எந்த உடம்புக்கும் அதிகம். இரண்டு அல்லது மூன்று நைட், அப்புறம் ஓய்வு, ஷிஃப்ட் மாறும்போது காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றுவது நல்லது என்பதை உலகம் முழுவதும் தொழில்நல மருத்துவர்கள் சொல்கிறோம். உங்கள் நர்ஸிங் சூப்பரின்டென்டெண்டும் ஒரு காலத்தில் நைட் பார்த்தவர்தான். வார்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அட்டவணையை நீங்களே வரைந்து கொடுங்கள், அவர் புதிதாக யோசிக்க வேண்டிய வேலை மிச்சமாகும், ஒத்துக்கொள்வது சுலபமாகும்.

கேள்வி: என் கணவர் வங்கிக் கிளை மேலாளர், 52 வயது. இன்சூரன்ஸ் டார்கெட், கடன் வசூல், ஆள் பற்றாக்குறை என்று வீட்டுக்கு வர ராத்திரி 9:30 ஆகிறது. காரை நிறுத்திவிட்டு விளக்கை அணைத்து உள்ளேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, வாயு என்று சோடா குடிக்கிறார். லீவு போடு என்றால் மார்ச் முடியட்டும் என்கிறார். போன வாரம் "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடலாம் போல இருக்கு" என்றார். (கும்பகோணம்)

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே ஆசிரியர் குழு மூலமாக உங்களோடு போனில் பேசிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், உங்கள் அனுமதியோடு இங்கேயும் எழுதுகிறேன்.

மாடி ஏறினால் பிடித்து, நின்றால் விடுகிற நெஞ்சு வலி, வேறு என்னவென்று பரிசோதித்து உறுதியாகும் வரை இதய வலிதான். சோடா குடித்துச் சரியானது போலத் தெரிவது, குடிக்க அவர் உட்கார்ந்ததால். இ.சி.ஜி. எடுக்க வேண்டும், சும்மா இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது, டிரெட்மில் சோதனையோ ரத்தப் பரிசோதனையோ வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் உடனே 108, காரை அவரே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மார்ச் வரைக்கும் காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை இது.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷனால் மாரடைப்பு வரும் என்று ஒரு பேச்சு உண்டு. லண்டனில் அரசு ஊழியர்களை 1967-லிருந்து தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது, கடைநிலை ஊழியர்களிடம் இதய நோய் மரணம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. 1985-ல் தொடங்கிய அடுத்த ஆய்வில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் தெரிந்தது: தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பது தன் கையில் இல்லாமல் போவது. கிளை மேலாளருக்கு அறை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் டார்கெட்டை மேலே இருப்பவர்கள் போடுகிறார்கள், ஆட்களையும் அவர்கள்தான் தர வேண்டும், கவுண்டரில் வாடிக்கையாளர் சத்தம் போட்டால் மட்டும் இவர் நிற்க வேண்டும். பொறுப்பு முழுக்க இவரிடம், அதிகாரம் வேறு எங்கோ. உடம்பு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். சண்டை இல்லாத ஒரு நேரத்தில், டி.வி.யை அணைத்துவிட்டு, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை, கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்றதும் பலருக்கு அழுகையே வந்துவிடும். டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனை எண் இருக்கிறது, 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசி என்ன செய்வது என்று கேட்கலாம். ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள், அவருடைய தம்பியையோ நெருங்கிய நண்பரையோ வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

காரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி. ஜன்னலில் நின்று பார்க்காமல், நாளைக்கு நீங்களே போய்ப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை. மருத்துவரிடம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நேரம் வாங்கியிருப்பதாகப் போனில் சொன்னீர்கள், பையில் அவர் போடும் மாத்திரைகள், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், வலி எப்போதெல்லாம் வந்தது என்று எழுதிய தாள் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குள் வலி கூடினால் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.